உயிரோடிருப்பவளுக்கு ஓர் ஒப்பாரி

பெரம்பலூர்
27.10.2025

சித்ராவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எந்த அக்கா என்று யோசிக்காதே. உனக்கு இருந்தது ஒருத்திதான். வீட்டை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்து எழுதும் கடிதத்தில் நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் போன் நம்பரும் என்னிடம் இல்லை. நம் வீட்டு விலாசம் மட்டும் மறக்கவில்லை.

நான் இங்கே பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. அதனால் வாரத்தில் ஒரு பீரியட் கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, இணையத்தில் இருக்கும் அருங்காட்சியகங்களைத் திரையில் காட்டுவேன். நம் அரியலூர் மண்ணில் கிடைத்த, கல்லாகிப்போன நத்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கலாம். உங்கள் கடலைக்கொல்லை ஒரு காலத்தில் நிஜக் கடலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஓலைச்சுவடி, பழைய வரைபடம், நிலாவிலிருந்து கொண்டுவந்த கல் எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளியில் எனக்குப் பிடித்த வேலை இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

போன வியாழக்கிழமை தமிழ் டீச்சர் லீலா மேரி லீவு. "நாட்டுப்புறப் பாட்டு நடத்தணும், உங்க ஸ்கிரீன்ல ஏதாவது போட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டிருந்தார். தேடியதில் ஒரு பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்திருக்கும் மின் காட்சியகம் கிடைத்தது. பழைய ஒலிநாடாக்களை எல்லாம் கணினியில் ஏற்றி, தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி என்று அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடைசி அறை ஒப்பாரி. ஜெயங்கொண்டம் வட்டாரம் என்று போட்டிருந்ததால் ஆசையாக அதைத் தட்டினேன்.

அம்மா குரல் சித்ரா. மூச்சு வாங்கும் இடத்தில் தொண்டையில் ஒரு கமறல் வருமே, அது வந்ததுமே தெரிந்துவிட்டது.

மஞ்சக் குளிக்கலையே மகளே வளர்மதியே
மாராப்புப் பாலு இன்னும் மண்ணுல சிந்துதடி
பந்தக்கால் நட்டு நானும் பாக்கக் குடுக்கலையே
பாவி நான் பெத்த பொண்ணே பாடையில போறியேடி

"மிஸ், உங்க பேரு மிஸ்" என்றாள் முன் பெஞ்சில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. திரையில் கீழே எழுதியிருந்ததை இன்னொருத்தி சத்தமாக வாசித்தாள். "பாடியவர் முத்தாயி. பிரசவத்தில் இறந்த மூத்த மகள் வளர்மதிக்காகப் பாடியது. ஆகஸ்ட் 1998." அதற்கு மேல் ஓடவிடாமல் நிறுத்திவிட்டேன். பிறகு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டேன். முத்தமிழ்செல்வன் என்பவர் பொறுப்பில் இருக்கிறார். குடும்பத்தார் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம், இணையத்தில் போட அனுமதி தந்தவர் ஜெயசித்ரா, அவர் ஒரு வார்த்தை சொன்னால் திருத்திவிடுகிறோம் என்று பணிவாகப் பதில் போட்டார். ஆக, நான் செத்தவள் என்று உலகத்துக்கே காட்ட அனுமதி கொடுத்தது என் தங்கை.

வீட்டில், நிலத்தில் நான் பங்கு கேட்கவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று அவர்களிடம் சொல். அது முடியாது என்றால் பாட்டை எடுக்கச் சொல். இவ்வளவுதான் கேட்கிறேன்.

வளர்மதி

*

அங்கன்வாடி மையம், மேலத்தெரு
3.11.2025

அக்கா,

உன் கடுதாசி வந்தப்போ வீட்டுக்காரர் கொல்லையில் இருந்தார், நல்லவேளை. யாருது என்று கேட்டதற்கு, எங்க ஆபீசிலிருந்து என்று சொல்லிவிட்டேன். இனிமேல் வீட்டுக்கு எழுதாதே. நான் இங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், எழுதுவதென்றால் இந்த விலாசத்துக்கு எழுது. கவரில் உன் பேர் போடாதே. போனும் வேண்டாம். எங்க வீட்டில் ஒருத்தர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

அந்தப் பாட்டுக்குக் கீழே எழுதியிருப்பதை மாற்றச் சொல்லாதே. பாட்டையும் எடுக்கச் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். ஊருக்கும் வந்துவிடாதே.

நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எழுத்து மாறவே இல்லை. ஸ்டோர் ரூமில் மாவு மூட்டைக்குப் பின்னாடி உட்கார்ந்து, அழுது முடித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன்.

சித்ரா

*

பெரம்பலூர்
9.11.2025

சித்ரா,

மாற்றாதே, எழுதாதே, வராதே. இதற்கு ஒரு காரணமாவது சொன்னாயா? கவரில் பெயர் போடாமல் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுத வேண்டிய வயசா எனக்கு? போடவில்லை, போ. நீ கேட்டதற்காக.

அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி உனக்குத் தெரியுமா? நந்தினி பிறந்த மாதம் அது. நந்தினி என் பெண், நீ பார்க்காதவள். எனக்கு வலிப்பு வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். தாயா பிள்ளையா என்று கேட்டு, நந்தினி அப்பா சின்னப்பராஜிடம் கையெழுத்து வாங்கினார்களாம். ஒரு வாரம் மனுஷர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அதே வாரத்தில் என்னைப் பெற்றவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என்னைப் பாடையில் ஏற்றியிருக்கிறாள்.

சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்ததாகும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் முனகினால்கூட நடுமண்டையில் குட்டுவாள். தெரிந்தேதானே பாடினாள்? பாட்டுக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் கிடையாது, அது எனக்குத் தெரியும். அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் அம்மா நான் சாகட்டும் என்று நினைத்தாள் அல்லவா? அதை எந்த அறிவியலில் கொண்டுபோய் வைப்பேன்?

வேறு சாதிக்காரனோடு, அதுவும் வேதக்காரனோடு போனவள், அப்பாவுக்குப் பயந்து அம்மா வரவில்லை என்றே இத்தனை காலமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அம்மா பத்து வருஷம் இருந்தாள். பெரம்பலூர் என்ன சீமையா? அரியலூரில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ராசாங்கம் மாமா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் எத்தனை தடவை ஏறியிருப்பேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நந்தினி பத்தாவது படிக்கும்போது புது பஸ் ஸ்டாண்டில் நம் தெருக் கருப்பண்ணனைப் பார்த்தேன். "அண்ணே" என்று கூப்பிட்டதற்குக் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடிப்போனவள் முகத்தில் முழிப்பது அவ்வளவு பெரிய பாவமா?

கல்லறைத் திருநாளுக்கு வரதராஜன்பேட்டை போயிருந்தோம். மாமனார், மாமியார் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். ரெண்டு கல்லறைக்கு மூன்று வத்தி ஏற்றியிருக்கிறேன். "இது யாருக்கு?" என்று சின்னப்பராஜ் கேட்டார். எனக்குத்தான் ஏற்றினேன் போலிருக்கிறது. பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், நோட்டைக் கொடுக்கும்போது என் விரல் படாமல் கொடுக்கிறாள். வீட்டில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா குரலில் மிச்ச வரியும் சேர்ந்து கேட்கிறது. தூங்கி எழுந்ததும் கையைக் கிள்ளிப் பார்க்கிறேன் என்றால் நீ நம்புவாயா?

இந்த மாதத்துக்குள் நீ அவர்களிடம் சொல்லவில்லை என்றால் நானே வருவேன். மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, முத்தாயி மகள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஊர் கேட்கக் கத்துவேன். என்னைத் தெரியும் அல்லவா?

வளர்மதி

*

அங்கன்வாடி மையம்
16.11.2025

அக்கா,

நீ கத்துவாய், தெரியும். முதலில் இதைப் படி. படித்த பிறகு உன் இஷ்டம்.

அம்மா பாடினப்போ நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். எட்டாவது படித்தேன். நீ போன நாளிலேயே அப்பா தலை முழுகிட்டு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "அவ பேரு இந்த வூட்டுல கேட்டுச்சுன்னா நான் தூக்குல தொங்குவேன்." அதுக்கப்புறம் அம்மா உன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பெரியவ' என்றுகூடச் சொல்லாது.

அந்த ஆகஸ்டில் டவுனிலிருந்து காலேஜ் ஆளுங்க டேப் ரிக்கார்டரோடு வந்து பஞ்சாயத்து கட்டடத்தில் தங்கினாங்க. ஒப்பாரி பாடுங்க, ஒப்பாரி பாடுங்க என்று வீடு வீடாகக் கேட்டாங்க. யாராவது வீட்டுக்குள் பாடுவாங்களா? ரெண்டு மூணு கிழவிங்க மட்டும் ஏரிக்கரைக்குப் போய்ப் பாடிக் கொடுத்தாங்க. அம்மா விளக்குமாற்றைக் காட்டி விரட்டிவிட்டது.

அப்புறம் ஒரு மத்தியானம் ராசாங்கம் மாமா காக்கிச் சட்டையோடு கொல்லை வழியாக வந்தது. "அக்கா, வளர்மதிக்கு ஜன்னி கண்டிருக்கு. திருச்சிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. பொழைக்கிறது கஷ்டம்னு பேசிக்கிறாங்க" என்றது. அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே வாசலுக்கு ஓடியது. வாசல்படியைத் தாண்டலை. அப்பா சொன்னதைச் செய்கிற ஆள் என்று அதுக்குத் தெரியும். திரும்பி வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தது.

நம்ம ஆண்டாயி அத்தையைக் காக்கா தலையில் கொத்தினது உனக்கு ஞாபகம் இருக்கா? அத்தை செத்துப்போச்சு என்று அது அண்ணன் வீட்டுக்கு ஆள் விட்டோமே. அவங்க டிராக்டர் பிடித்து, மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாங்க. அத்தை வாசலில் நின்று "வாங்க, காப்பி சாப்பிடுங்க" என்றது. பொய்யாக ஒருதரம் அழுதுவிட்டால் நிஜமாக வர இருந்தது விலகிப் போகும், அதுதானே கணக்கு.

அம்மா அதைத்தான் செய்தது. என்னைப் பார்த்து, "ஏண்டி, எமன் வந்து வாசல்ல நிக்கிறப்போ, பொணத்த எடுத்தாச்சுன்னு தெரிஞ்சா திரும்பிப் போயிடுவான்ல?" என்று கேட்டது. எனக்கு என்ன தெரியும்? தலையை ஆட்டினேன். "போய் அந்த டேப்புக்காரங்களக் கூட்டியா. நாலு ஊருக்குக் கேக்கட்டும்" என்றது.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து, தலைமுடியை விரித்துப் போட்டுப் பாடியது. யாருக்காகப் பாடுறீங்க என்று அவங்க கேட்டாங்க. "எம்பொண்ணு வளர்மதி. பிரசவத்துல போயிட்டா" என்றது. அவங்க எழுதிக்கிட்டாங்க. பாதிப் பாட்டில் அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். வாசலிலேயே நின்று கேட்டார். அம்மா நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் பேரை இழுத்து இழுத்துச் சொன்னது. செத்தவள் பேரைச் சொல்லாதே என்று யாரால் சொல்ல முடியும்? அப்பா மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தவர், கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு அழுதார் அக்கா. காரியம்கூட அவரேதான் செய்தார்.

கொஞ்ச நாள் கழித்து மாமா வந்து, நீ பிழைத்துக்கொண்டாய், பெண் குழந்தை என்று சொன்னது. அம்மா பாய்ந்து அது வாயைப் பொத்தியது. "வாயத் தொறக்காத. நான் அழுதுதான் அவ பொழச்சா. பொய்யின்னு தெரிஞ்சா திரும்பி வந்துடுவான். அவனுக்குக் காது ஜாஸ்தி." அத்தை விஷயத்தில் அழுதவங்களிடம் உண்மையைச் சொன்னோம். அது காக்கா. இது நீ. அம்மா கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் படுக்கையில் கிடந்தப்போ, "பெரியவ இருந்திருந்தா வந்து பாத்திருப்பா" என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் வாயைத் திறக்கப் போனேன், ஒரு பார்வை பார்த்தது பார். அப்பா நீ செத்துட்டாய் என்று நம்பியே செத்தார்.

நான் கல்யாணம் பண்ணினவருக்கும் அக்கா செத்துப்போனாள் என்பதுதான் தெரியும். இளவரசன் நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. கருப்பண்ணன் உன்னைப் பார்த்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தது. பஸ் ஸ்டாண்டில் வளர்மதி ஆவி அண்ணே என்று கூப்பிட்டுச்சு என்று உளறியது. அம்மாதான் திருநீறு போட்டுவிட்டு வந்தது. வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. "அண்ணேன்னு கூப்பிட்டாளாம்டி, மரியாத மறக்கல பாரு" என்று சிரித்தது.

மாமா முகத்தைத் திருப்பியதும் கோபத்தில் இல்லை. உன்னிடம் பேசினால் சொல்லிவிடுவோமே என்றுதான். நீ பஸ்ஸில் ஏறின அன்னிக்கு இங்கே வந்து கணக்கு ஒப்பிக்கும். "பச்சப் பொடவ. பாப்பா ரெட்டச் சடை. கொஞ்சம் எளச்சிருக்கா." அம்மா அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும். உன்னை வந்து பார்க்க அதுக்கு ஆசை இல்லை என்றா நினைத்தாய்? பார்த்தால் பொய் உடைந்துவிடும், உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் வரலை. அது உன்னைப் பார்க்காமலே இருந்ததுதான் உனக்குச் செய்த காவல்.

போன வருஷம் அந்த ஆளுங்க லேப்டாப்போடு வந்து அம்மா குரலைப் போட்டுக் காட்டினாங்க. வேறெங்கேயும் அம்மா குரல் இல்லை அக்கா. போடுங்க என்று சொன்னேன். கீழே எழுதியிருப்பதை மாற்ற எனக்குத் தைரியம் வரலை. இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியலை. அம்மா இவ்வளவு கொடுத்து வாங்கின பொய், அதை நான் உடைக்கணுமா?

நீ பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாய். கடைசி வரைக்கும் கேள்.

சித்ரா

*

பெரம்பலூர்
7.12.2025

சித்ரா,

கேட்டேன்.

உடனே கேட்க முடியவில்லை. உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பள்ளிக்குப் போய் வந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் லேபைத் திறக்கச் சொல்லி, ஆளில்லாத பெஞ்சுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து போட்டேன். கடைசியில் குரல் மாறுகிறது. அழுகைக் குரல் போய், சந்தையில் கடைக்காரனோடு வாதாடுவாளே, அந்தக் குரல் வருகிறது.

வந்தவரே எமராசா வாசலோட திரும்பிடுங்க
எடுத்தாச்சு எம்மகள எரிச்ச சாம்பல் ஆறிடுச்சு
தேடி நீர் வந்த பொண்ணு தெசையெங்கும் இல்லையய்யா
தெருக்கோடி சுத்திப் பாத்தும் தேறாது போங்கய்யா

எந்த ஒப்பாரியில் எமனைத் திரும்பிப் போகச் சொல்வார்கள்? போனவளைத் திருப்பிக் கொடு என்றுதானே கேட்பார்கள். இது ஒப்பாரியே இல்லை. வாசலில் ஒருத்தி குறுக்கே நின்று பொய் சொல்கிற பாட்டு. அதைக் கேட்டுவிட்டு நான் எழுந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. சின்னப்பராஜிடம் சொன்னேன். "நான் அங்க ஜெபமாலை உருட்டிக்கிட்டிருந்தப்போ அவங்க இங்க இதைப் பண்ணிக்கிட்டிருந்தாங்களா" என்று கேட்டுவிட்டு, மனுஷர் மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அம்மா மேல் போகவில்லை. நானா கேட்டேன் இப்படி ஒரு காவலை? வலிப்பு வந்தே செத்திருந்தாலும் பரவாயில்லை, ஒருதரம் வந்து என் தலையைத் தடவியிருக்கலாம். எழுதும்போதே இது நியாயமில்லை என்று தெரிகிறது. இருந்தாலும் எழுதத்தான் தோன்றுகிறது.

முத்தமிழ்செல்வனுக்கு எழுதிவிட்டேன், எதையும் மாற்ற வேண்டாம் என்று. அவர் குழம்பிப்போய் போன் செய்தார். "மேடம், தகவல் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். பாடினவர் சொன்னது அதுதான், அப்படியே இருக்கட்டும் என்றேன். செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பிலும் அது வேறு வளர்மதி என்று சொல்லிவிட்டேன். இப்போது நோட்டைக் கையில் கொடுக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா செத்தது ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். இங்கே மாதா கோயிலில் அம்மா பேருக்குப் பூசை வைத்தோம். பூசை வேறு, வாய்விட்டு அழுவது வேறு. எனக்கு அழ ஓர் இடம் கிடைக்கவே இல்லை. அந்த நடுக்கூடத்தில் ஒருதரம் உட்கார வேண்டும். பொய் உடையாமல் அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

அக்கா

*

அங்கன்வாடி மையம்
22.12.2025

அக்கா,

உனக்கு வழி சொல்லணும் என்று பத்து நாளாக யோசித்தேன். மாவு கிண்டும்போது தோன்றியது.

தை அமாவாசைக்கு நாங்க படையல் போடுவோம். அப்பாவுக்கு ஒரு இலை, அம்மாவுக்கு ஒரு இலை, உனக்கு ஒரு இலை. நீ செத்தவள் என்று ஆன பிறகு இலை போடாமல் இருந்தால் ஊர் கேட்குமே. அம்மா இருந்தவரைக்கும் அதுதான் போடும். உன் இலைக்கு முன்னால் மட்டும் குனிந்து, "இங்க வராத தாயி, இருக்கிற எடத்துலயே சாப்பிடு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போடும். இப்போ நான் போடுகிறேன். அதையே சொல்லிப் போடுகிறேன்.

படையல் போட்டுக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வாசலில் நிற்போம், அவங்க வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. அப்புறம் கை தட்டித் திறப்போம். நீயும் பார்த்ததுதானே. செத்தவங்க படையலுக்கு வந்தால் அதில் என்ன பொய் உடையப்போகுது?

ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. முந்திரித் தோப்பு வழியாக வந்தால் நம்ம கொல்லை. கொல்லைக் கதவைத் தாழ் போடாமல் வைக்கிறேன். வெயில் ஏறும் நேரத்துக்கு வா. இந்தத் தரம் வராதே என்று சொல்லாமல் இலை போடுகிறேன்.

சித்ரா

*

பெரம்பலூர்
4.1.2026

சித்ரா,

எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. ஐம்பது வயதில் திருடி மாதிரி கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்து, எனக்கு நானே படையல் சாப்பிடப் போகிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அறிவியல் நோட்டை மூஞ்சியில் எறிவார்கள்.

வருகிறேன். வரவில்லை என்றால் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள். எமனுக்கு இல்லை, அந்த வீட்டுக்கு. கத்தரிக்காய் வேண்டாம், இப்போது ஒத்துக்கொள்வதில்லை. செத்தவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

அக்கா

*

அங்கன்வாடி மையம்
20.1.2026

அக்கா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அரியலூரில் பஸ் கிடைத்ததா?

கத்தரிக்காய் போடலை, கவனித்திருப்பாய். ஆண்டாயி அத்தை, "அவளுக்குக் கத்திரிக்கான்னா உசுரு, ஏண்டி இந்த வருசம் போடல?" என்று கேட்டது. மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்க வாசலில் நின்றோம். நான் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியலை, உள்ளே ஒன்றுமே கேட்கலை. நீ வரலை என்று நினைத்துவிட்டேன். அப்போ டம்ளர் வைக்கிற சத்தம். வீட்டுக்காரர், "பூனை பூந்துடுச்சு போல" என்று கதவில் கை வைத்தார். "அமாவாச அன்னிக்குப் பூனையா இருந்தாலும் விடுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அப்புறம் நீ அழ ஆரம்பித்தாய்.

அக்கா, உனக்கு அம்மா குரல் என்று உனக்குத் தெரியுமா? அந்தக் கமறல்கூட. ஆண்டாயி அத்தை என் கையைப் பிடித்தது, நகம் பதிந்த இடம் இன்னும் எரியுது. "முத்தாயிடி... முத்தாயி கொரலுடி" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டது. தெருவில் போனவங்க நின்றாங்க. கருப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. வாய் ஓயாத வீட்டுக்காரர் மூச்சுவிடலை. ஒருத்தருக்கும் கதவுகிட்டே வரத் தைரியம் இல்லை.

இருந்த எடம் சாப்பிடுன்னு எலை போட்ட எந்தாயே
இங்க வந்து குந்திருக்கேன் ஏன்னு கேக்க நீ இல்லையே

அந்த வரியில் என் கை நாதாங்கியை இழுத்துவிட்டது. பாதி இழுத்ததை அப்படியே நிறுத்தினேன். திறந்தால் உன் முகத்தைப் பார்த்துவிடலாம். ரெண்டு அடிதான். நீ போனப்போ எனக்குப் பதினோரு வயசு, உன் முகம் எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை. அம்மா இருபத்தோரு வருஷம் எப்படி இருந்தது என்று அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அழுது முடிக்கட்டும் என்று நின்றேன். எல்லாரும் அம்மாதான் அழுகுது என்று நினைத்ததால் நானும் அவங்களோடு சேர்ந்து சத்தமாக அழ முடிந்தது.

கொல்லைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு, கை தட்டித் திறந்தேன். அத்தை எழுந்து என் பின்னாலேயே வந்தது. அப்பா இலை அப்படியே இருந்தது. அம்மா இலை அப்படியே இருந்தது. உன் இலை மடிச்சிருந்தது.

செத்தவங்க இலையை மடிக்க மாட்டாங்க அக்கா. நீ விருந்துக்கு வந்தவள் மாதிரி, வடையைத் தின்றுவிட்டு, பாயசம் குடித்துவிட்டு, உறவு விட்டுப்போகாமல் உன் பக்கமாக மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். கை தன்னால் செய்திருக்கும். ஓடிப்போய் அத்தைக்கு முன்னால் அதன் எதிரில் உட்கார்ந்து, முந்தானையால் மறைத்து இலையை விரித்துவிட்டேன். "என்னடி அவசரம்?" என்றது அத்தை. பசிக்குது என்றேன்.

மடிச்ச கோடு மட்டும் இலையில் அப்படியே இருந்தது. அதன் மேலேயே சோற்றைப் போட்டு, உன் இலையில் நான் சாப்பிட்டேன்.

சித்ரா